தாயின் மனச்சோர்வும் பிள்ளையின் பால் பற்களும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கைக்குப் பிரசவத்துக்குப் பின் தொடங்கிய மனச்சோர்வு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக விட்டுவிட்டுத் தொடர்கிறது. இரண்டரை வயது மகனுக்கு மேல்தாடையின் முன்பற்கள் நான்கும் சொத்தையாகிவிட்டன. பிள்ளையைச் சரியாகக் கவனிக்கவில்லை என்ற பேச்சு வீட்டில் எழுந்திருக்கிறது. இவை இரண்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, உண்டென்றால் இப்போது எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொடர்பு உண்டு. ஆனால் உங்கள் வீட்டார் நினைக்கும் வகையில் அல்ல. மனச்சோர்வு நேராகச் சென்று பல்லை அரிப்பதில்லை. ஒரு சிறு குழந்தையின் பற்களைக் காப்பதற்கு நாள் தவறாமல் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள் பல உள்ளன; அவற்றைச் செய்ய வேண்டிய ஒரே ஆளின் வலுவை அந்த நோய் எடுத்துக்கொள்கிறது, அந்த இடத்தை நிரப்ப வேறு யாரும் வருவதில்லை. குழந்தைகளின் பற்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் மருத்துவர் என்ற முறையில், இந்த இரண்டாவது பாதியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

சொத்தை உருவாகும் விதத்தைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். வாயில் வாழும் சில நுண்ணுயிரிகள், குறிப்பாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் வகை, நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலுறையான எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. உணவுக்கும் உணவுக்கும் இடையே உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தில் ஒரு பகுதியை மீண்டும் பல்லில் படியவைக்கிறது. கரைவதும் படிவதும் நாள் முழுவதும் நடக்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு. செலவு தொடர்ந்து மிஞ்சினால் சொத்தை. பால் பற்களின் எனாமல் நிரந்தரப் பற்களின் எனாமலில் ஏறக்குறைய பாதித் தடிமனே கொண்டது என்பதால், பெரியவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும் சேதம் குழந்தைக்குச் சில மாதங்களில் ஆகிவிடும். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பால் பல் ஒன்றில் சொத்தை இருந்தாலும் அதை நாங்கள் இளம்பருவச் சொத்தை என்ற கணக்கில் வைக்கிறோம்; மூன்று வயதுக்குள் பல்லின் வழவழப்பான பரப்பில் அது தென்பட்டாலே தீவிர வகை என்கிறோம். இந்தியாவில் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதிச் சிறுகுழந்தைகளுக்கு இது இருக்கிறது. ஆகவே உங்கள் தங்கை மகன் ஏதோ அபூர்வமான கேடு நேர்ந்த பிள்ளை அல்லன் என்பதையும் வீட்டாரிடம் சொல்லுங்கள்.

மேல் முன்பற்கள் நான்கும் முதலில் கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தை உறிஞ்சிக் குடிக்கும்போது கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்கிறது. நாக்கின் அடியிலிருந்து சுரக்கும் உமிழ்நீரும் அவற்றைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. மேல் பற்களுக்கு அந்தக் காவல் இல்லை. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு மிகவும் குறைந்துவிடும் என்பதால், வாயில் பால் பாட்டிலுடன் தூங்கும் குழந்தையின் மேல் பற்கள் மணிக்கணக்கில் இனிப்பில் ஊறுகின்றன. முதல் அறிகுறி கறுப்பு அல்ல. ஈறை ஒட்டி ஓடும் மங்கலான வெள்ளைக் கோடு. மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்த்தால்தான் அது கண்ணில் படும். அந்தக் கட்டத்தில் கண்டுவிட்டால் தோண்டாமல், அடைக்காமல், பல்லைப் பழைய நிலைக்கு மீட்க முடியும். யாராவது ஒருவர் வாரத்துக்கு ஒரு முறை அந்த உதட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி அந்தத் தாயின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இரவில் பல் துலக்கிவிடுவது என்பது திமிறி, வாயை இறுக மூடிக்கொண்டு, அழுது, பிரஷைப் பிடுங்கி எறியும் ஓர் ஆளுடன் நாள்தோறும் நடத்தும் மல்யுத்தம். பலன் உடனே தெரியாத, தவறினால் அன்றைக்கு எந்தக் கேடும் தெரியாத ஒரு வேலையை, பகல் முழுவதும் உழைத்து ஓய்ந்த பின் செய்ய வேண்டும். மனச்சோர்வு என்றதும் நம்மவர்கள் கண்ணீரையே நினைக்கிறார்கள். ஆனால் அந்த நோயின் மையத்தில் இருப்பவை வேறு: எழுந்து ஒரு வேலையைத் தொடங்க முடியாமை, தொடங்கியதை முடிக்க முடியாமை, எதிர்காலத்தை நினைத்துத் திட்டமிட முடியாமை, குழந்தையின் அழுகையைத் தாங்க முடியாமை, தான் எதைச் செய்தாலும் பயனில்லை என்ற எண்ணம். பல் துலக்கிவிடுதலுக்கு வேண்டிய அத்தனை திறன்களையும் பட்டியலிட்டால், அந்த நோய் பறித்துக்கொள்ளும் திறன்களின் பட்டியலும் அதுவேதான். இதை அலட்சியம் என்று சொல்வது, கால் முறிந்தவரைப் பார்த்து ஏன் மாடி ஏறவில்லை என்று கேட்பதைப் போன்றது.

இரவுகளும் அப்படியே. நள்ளிரவில் மூன்றாவது முறை எழுந்து அழும் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டி நடக்க ஒருவருக்கு வலு இருக்க வேண்டும். இல்லாதபோது கைக்கு எட்டும் தீர்வு சர்க்கரை கலந்த பால் பாட்டில். அது பலிக்கவும் செய்கிறது. குழந்தை உடனே தூங்கிவிடுகிறது. பகலில் அழுகையை அடக்க ஒரு பிஸ்கட், சோறு ஊட்டுவதற்குப் பொறுமை இல்லாத வேளையில் இனிப்புப் பொடி கலந்த பால், சமாதானத்துக்கு ஒரு மிட்டாய். இவற்றைத் தாய் மட்டும் கொடுப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தாத்தா கடைக்குப் போய்வரும்போது வாங்கி வருவதும், பாட்டி தேனில் தொட்டு வைப்பதும், பக்கத்து வீட்டு அக்கா கையில் திணிப்பதும் ஒரே வாய்க்குள்தான் போகின்றன. எவ்வளவு சர்க்கரை என்பதைக் காட்டிலும் எத்தனை தடவை என்பதே பல்லைப் பொறுத்தவரை பெரிய கேள்வி. ஒரு லட்டை உணவோடு ஒரே நேரத்தில் தின்று முடிக்கும் பிள்ளையைவிட, அரை மணிக்கு ஒரு முறை பிஸ்கட் கடிக்கும் பிள்ளைக்கே ஆபத்து மிகுதி.

தாய்ப்பாலால்தான் பல் கெட்டது என்று யாரேனும் சொல்லியிருந்தால் அதைப் பாதி மட்டும் நம்புங்கள். முதல் பன்னிரண்டு மாதங்களில் தாய்ப்பால் குடித்த குழந்தைகளுக்குச் சொத்தை குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு வயதுக்குப் பின், இரவில் பல முறை, பல் துலக்காத வாயில் கொடுக்கப்படும்போதுதான் அபாயம் கூடுகிறது. இரண்டு வயதுக்கும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்குக் குறுக்கே நிற்கப் பல் மருத்துவருக்கு எந்தக் காரணமும் இல்லை, இரவுப் பல் துலக்கல் மட்டும் நடந்தால் போதும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். பிரேசிலின் பெலோட்டஸ் நகரில் இளவயதுத் தாய்மார்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், மனச்சோர்வுக்கு ஆளான தாய்மார்களின் குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று வயதுக்குள்ளாகவே சொத்தை கூடுதலாகக் காணப்பட்டது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மருத்துவமனைப் பதிவேடுகளைக் கொண்டு செய்த ஆய்வும், பிரசவத்துக்கு முன்பே மனநோய் இருந்த தாய்மார்களின் பிள்ளைகள் பல் சொத்தைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவது அதிகம் என்றது. இவ்வகை ஆய்வுகளை வாசிக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். வறுமை, குறைந்த படிப்பு, கடன், குடிகாரக் கணவன், நெருக்கடியான வீடு ஆகியவை தாயின் மனத்தையும் கெடுக்கும், பிள்ளையின் பல்லையும் கெடுக்கும். இரண்டும் ஒன்றாகத் தென்படுவதாலேயே ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று கொள்ள முடியாது. ஆய்வாளர்கள் கணக்கீட்டின் வழியாக அவற்றைப் பிரித்துப் பார்க்க முயல்கிறார்கள். முழுவதும் பிரிப்பது இயலாத காரியம். மனச்சோர்வு உள்ள தாய்மார்கள் பலருடைய பிள்ளைகள் ஒரு சொத்தையும் இல்லாமல் வளர்வதையும் நான் பார்த்திருக்கிறேன்; பெரும்பாலும் அந்த வீடுகளில் இன்னொரு கை இருந்திருக்கிறது.

உடல் வழியாகவும் தொடர்பு உண்டா என்றால், சில இழைகள் உண்டு. குழந்தையின் வாய்க்குள் மியூட்டன்ஸ் கிருமி பெரும்பாலும் தாயின் உமிழ்நீரிலிருந்தே வருகிறது. கரண்டியை ருசி பார்த்துவிட்டு அதிலேயே ஊட்டுவது, வாயால் ஊதி ஆற்றுவது போன்றவை போதும். மனச்சோர்வில் இருப்பவர் தன் பற்களையும் கவனிப்பதில்லை. அதற்கான மாத்திரைகளில் சில, குறிப்பாக அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகைகள், வாயை உலர்த்திவிடும். உலர்ந்த வாயில் சொத்தை எளிதில் பெருகும். ஆகவே தாயின் வாயைச் சுத்தம் செய்து, அவருடைய சொத்தைகளை அடைப்பது பிள்ளைக்கும் செய்யும் மருத்துவம்தான். பிள்ளையை மட்டும் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அம்மாவை வெளியே நிறுத்தும் வழக்கத்தை நான் விட்டுவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு ஆய்வு மிகவும் நுட்பமானது. பால் பற்களின் எனாமல் தாயின் வயிற்றில் நான்காம் மாத அளவிலேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது. பிறக்கும்போது ஏற்படும் அதிர்ச்சி, மரத்தின் வளர்ச்சி வளையம் போல, எனாமலுக்குள் ஒரு கோடாகப் பதிகிறது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் நெடுங்காலமாக நடக்கும் ஆய்வில் சேகரிக்கப்பட்ட, 70 குழந்தைகளின் விழுந்த பால் பற்களை நுண்ணோக்கியில் பார்த்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான மனச்சோர்வு வரலாறு உள்ள தாய்மார்களின் பிள்ளைகளுக்கும், கருவுற்ற 32-ஆவது வாரத்தில் சோர்வோ பதற்றமோ இருந்தவர்களின் பிள்ளைகளுக்கும் அந்தக் கோடு அகலமாக இருந்தது. பிரசவத்தை ஒட்டி நல்ல ஆதரவு கிடைத்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு அது மெலிந்திருந்தது. படித்தபோது எனக்குச் சிலிர்த்தது உண்மை. இருந்தாலும் 70 பற்கள் மிகச் சிறிய எண்ணிக்கை; கோடு அகலமாக இருப்பதும் சொத்தை விழுவதும் ஒன்றல்ல. கருவிலேயே பல் கெட்டுவிட்டது என்று உங்கள் தங்கை நினைத்து நொந்துபோக அதில் எதுவும் இல்லை. என் கணிப்பில், உடல் வழியாக வரும் பங்கு சிறிது. அன்றாட நடைமுறை வழியாக வரும் பங்கே பெரிது. அன்றாடத்தை மாற்ற முடியும் என்பதால் அது நல்ல செய்தியும்கூட.

காலக்கணக்கும் இங்கே கவனிக்கத்தக்கது. பிரசவமான முதல் பத்து, பதினைந்து நாள்களில் பல பெண்களுக்கு வந்துபோகும் அழுகையும் படபடப்பும் பல்லைத் தொடப்போவதில்லை. அப்போது பல்லே முளைத்திருக்காது. முதல் பால் பல் ஆறாம் மாத அளவில் வருகிறது, இருபதும் முளைத்து முடிய இரண்டரை வயதாகிறது. ஆகவே பல்லைப் பாதிப்பது நீண்டுபோகும் மனச்சோர்வுதான். கோவாவில் 2002-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிரசவமான ஆறு முதல் எட்டு வாரங்களில் 23 விழுக்காட்டுத் தாய்மார்களுக்கு மனச்சோர்வு இருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆறாம் மாதத்திலும் குணமாகாமல் இருந்தார்கள். அதாவது பிள்ளைக்கு முதல் பல் எட்டிப் பார்க்கும் அதே வேளையில், அதைக் காக்க வேண்டியவர் இன்னும் நோயில் இருக்கிறார். சிகிச்சை கிடைத்திருந்தால் அந்த ஆறு மாதங்களுக்குள் பலர் மீண்டிருப்பார்கள்.

நம் மாநிலத்திலிருந்தே வந்த ஓர் ஆய்வை உங்கள் வீட்டார் அறிந்துகொள்வது நல்லது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் கிராமப்புறப் பெண்கள் 359 பேரைக் கருவுற்ற கடைசி மாதங்களிலும், பிரசவமான ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களிலும் சந்தித்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 விழுக்காடு. யாருக்கு வந்தது என்று பார்த்தபோது தெரியவந்தவை: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை பிறந்தது, மாமியாருடனும் பெற்றோருடனும் உறவு சரியில்லாதது, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயர நிகழ்வுகள், வேலைகளில் கைகொடுக்க ஆளில்லாதது. இந்தக் கடைசிக் காரணத்தில் சற்று நின்று யோசியுங்கள். கைகொடுக்க ஆளில்லாததால் மனம் சோர்கிறது. மனம் சோர்ந்தபின் பிள்ளையின் பல்லைத் துலக்கவும் ஆளில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்று. பல் கெட்டபின் எழும் பழிச்சொல்லோ அந்த வேருக்கு ஊற்றும் தண்ணீர். அதைக் கேட்ட தாய், தான் தகுதியற்றவள் என்று நோய் ஏற்கெனவே காதில் ஓதிக்கொண்டிருப்பதை உறுதி செய்துகொள்கிறார், பல் மருத்துவரிடம் வருவதற்கே கூசுகிறார், வலி பொறுக்க முடியாத நிலை வந்தபின்தான் வருகிறார்.

எதிர்த்திசையிலும் இது ஓடுகிறது. இரண்டரை வயதுப் பிள்ளைக்குப் பல் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. இரவில் திடீரென்று எழுந்து அழும், ஒரு பக்கமாகவே மெல்லும், சோற்றைத் தள்ளிவிட்டுப் பாலை மட்டும் கேட்கும், எரிச்சலாக இருக்கும். காரணம் தெரியாத தாய் இரவெல்லாம் விழிக்கிறார். மனச்சோர்வுக்குத் தூக்கமின்மையைப் போன்ற தீனி வேறில்லை. பிள்ளையின் வலி தீர்ந்த இரண்டாவது வாரத்தில், அம்மாவின் முகம் தெளிந்திருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். அவருக்கு வேறொன்றும் நடந்திருக்காது, தூங்கியிருப்பார்.

தாயைக் குணப்படுத்தினால் பிள்ளையின் பல் தேறுமா என்பதற்கு மறைமுகமான, ஆனால் வலுவான விடை பாகிஸ்தானின் ராவல்பிண்டி வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து வந்தது. அங்கே மருத்துவர்கள் அல்ல, ஊரிலுள்ள பெண் சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, மனச்சோர்வு உள்ள கர்ப்பிணிகளின் வீடுகளுக்குக் கடைசி மாதத்திலிருந்து சென்று பேசினார்கள். 2008-இல் வெளியான முடிவுகளின்படி, குழந்தைக்கு ஆறு மாதமானபோது இந்த உதவி பெற்ற தாய்மார்களில் 23 விழுக்காட்டினருக்கும், வழக்கமான வருகை மட்டும் பெற்றவர்களில் 53 விழுக்காட்டினருக்கும் மனச்சோர்வு இருந்தது. குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்பட்டிருந்தன, வயிற்றுப்போக்கு குறைந்திருந்தது, தாய் மட்டுமல்லாமல் தந்தையும் பிள்ளையோடு விளையாடும் நேரம் கூடியிருந்தது. அந்த ஆய்வு பற்களை அளந்ததல்ல. ஆயினும் தேதி நினைவில் வைத்து ஊசி போடுவதும், கை கழுவி ஊட்டுவதும், இரவில் பல் துலக்கிவிடுவதும் ஒரே இனத்து வேலைகள். முன்னவை தேறுமென்றால் பின்னதும் தேறும் என்று எதிர்பார்ப்பது நியாயம் என்பது என் கருத்து.

ஆகவே முதல் வேலை உங்கள் தங்கையின் சிகிச்சை. எடின்பரோ அளவுகோல் என்ற பெயரில் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. 1987 முதல் உலகெங்கும் பயன்படுகிறது, அதன் தமிழ் வடிவமும் நம் பெண்களிடையே சோதித்துச் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. கடந்த ஏழு நாள்களைப் பற்றி அது கேட்கும். நிரப்ப ஐந்து நிமிடம் ஆகும். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு ஆம் என்ற சாயலில் எந்த விடை வந்தாலும் அன்றைக்கே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில், இரவோ பகலோ, தமிழிலேயே பேசி அணுகலாம். பால் கொடுத்துக்கொண்டிருப்பதால் மாத்திரை கூடாது என்று வீட்டில் தடுத்தால், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன என்பதையும், மருத்துவர் கண்காணிப்பில் அவை வழக்கமாகத் தரப்படுகின்றன என்பதையும் சொல்லுங்கள். சோர்வு இலேசாக இருந்தால் பேச்சுவழிச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம்.

இரண்டாவது வேலை, இரவுப் பல் துலக்கலை அவர் கையிலிருந்து எடுத்து இன்னொருவர் கையில் கொடுப்பது. உதவுகிறேன் என்று பொதுவாகச் சொல்வது வேறு. இது இன்னாருடைய வேலை என்று பெயர் எழுதி ஒப்படைப்பது வேறு. தந்தை வீட்டில் இருக்கிறார் என்றால் அவரே. இரண்டு பேர் முட்டியோடு முட்டி சேர எதிரெதிராக உட்கார்ந்து, பிள்ளையின் தலை ஒருவர் மடியிலும் கால்கள் மற்றவர் மடியிலும் இருக்கும்படி படுக்கவைத்தால், துலக்குபவருக்கு வாய் முழுவதும் தெரியும், பிள்ளையும் மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அழுதால் வாய் திறக்கும். அதற்காக மனம் கலங்க வேண்டாம். பற்பசை மூன்று வயதுவரை ஓர் அரிசி அளவு, அதன்பின் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. அதில் எனாமலை வலுப்படுத்தும் ஃபுளோரைடு பத்து லட்சத்தில் 1000 பங்கு (அட்டையில் 1000 ppm) இருக்க வேண்டும். குழந்தைகளுக்கென்று படம் போட்டு விற்கப்படும் பசைகள் சிலவற்றில் ஃபுளோரைடு மிகவும் குறைவு அல்லது அறவே இல்லை. அட்டையைத் திருப்பி அளவைப் படித்து வாங்குங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி போன்று நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த பகுதியில் நீங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்களாக இருந்தால் மட்டும், பல் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரவுப் பாட்டிலை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லும் அறிவுரையை நான் கொடுப்பதில்லை. தூக்கமிழந்த ஒரு தாய்க்கு அது தண்டனையாக முடியும். முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். பின் சில நாளுக்கு ஒரு முறை பாலில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனால், இரண்டு மூன்று வாரங்களில் பாட்டிலில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். பிள்ளையே அதில் ஆர்வம் இழந்துவிடும். இது இரவுப் பாட்டிலுக்கு மட்டும். பகலில் கொடுக்கும் பால் வழக்கம்போல், தண்ணீர் கலக்காமல் டம்ளரில் இருக்கட்டும். அந்த மூன்று வாரங்களுக்கு இரவில் எழும் முறையைப் பாட்டியோ தந்தையோ நீங்களோ பகிர்ந்துகொண்டால்தான் இது நடக்கும்.

ஏற்கெனவே கெட்ட நான்கு பற்களைப் பொறுத்தவரை, விழப்போகிற பால் பல்தானே என்று விட்டுவிடாதீர்கள். முன்பற்கள் விழ ஆறு, ஏழு வயதாகும். கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. முன்பற்களில் தொடங்கும் சொத்தை கவனிக்காவிட்டால் பின்னுக்குப் பரவும். சீழ் கட்டினால் அடியில் வளரும் நிரந்தரப் பல்லையும் கெடுக்கும். பிள்ளைக்கு ஊசியும் தோண்டலும் வேண்டியிருக்குமோ என்று அஞ்சி நாளைத் தள்ள வேண்டாம். வெள்ளிச் சத்தும் ஃபுளோரைடும் கலந்த ஒரு திரவத்தைச் சிறு தூரிகையால் சொத்தையின்மேல் ஒரு நிமிடம் தடவினால், பெரும்பாலான இடங்களில் சொத்தை வளராமல் நின்றுவிடும். ஆண்டுக்கு இரு முறை தடவ வேண்டும். வலி இல்லை, மயக்கம் இல்லை, செலவும் குறைவு. தடவிய இடம் நிலையாகக் கறுத்துப்போகும் என்பது அதன் ஒரே பெருங்குறை. அதை முன்கூட்டியே குடும்பத்திடம் விளக்கிச் சம்மதம் பெற்றாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சோர்ந்திருக்கும் ஒரு தாயிடம் மிகக் குறைவாகவே எதிர்பார்க்கும் சிகிச்சை என்பதால் இது எனக்குப் பிடித்தமானது. சொத்தை நரம்புவரை போயிருந்தால் அல்லது கன்னம் வீங்கியிருந்தால் இது உதவாது; வேர் சிகிச்சையோ, பல்லை எடுப்பதோ தேவைப்படும். அங்கன்வாடியில் பிள்ளை பதிந்திருந்தால், பள்ளிச் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழு ஆண்டுக்கு இரு முறை அங்கே வரும். பற்களைப் பார்ப்பதும் அவர்கள் பணியில் சேர்ந்ததே.

என் தொழிலின்மேல் எனக்குள்ள ஒரு குறையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பல் மருத்துவர்களாகிய நாங்கள் தாயிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை முறை துலக்கிவிடுகிறீர்கள்? அதற்குக் கிடைக்கும் விடையும் பெரும்பாலும் பொய். பயத்தில் சொல்லப்படும் பொய். கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததுண்டா, வழக்கமாகப் பிடிக்கும் காரியங்களிலும் நாட்டம் குறைந்திருக்கிறதா என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்க அரை நிமிடம் போதும். பிரசவத்துக்குப் பின் அந்தத் தாய் தனக்கென்று எந்த மருத்துவரிடமும் போயிருக்க மாட்டார். பிள்ளைக்காக எங்களிடம் வந்திருக்கிறார். கேட்கக் கிடைத்த அந்த வாய்ப்பை நாங்கள் தொடர்ந்து நழுவவிடுகிறோம்.

முதல் சந்திப்புக்குக் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். பிள்ளை தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும். தங்கையை மட்டும் பிள்ளையோடு அனுப்பிவைக்காதீர்கள். கணவரும், கூடுமானால் மாமியாரும் அறைக்குள் வந்து உட்காரட்டும். தாயிடம் மட்டும் சொல்லி அனுப்பும் அறிவுரை வீடு போய்ச் சேர்வதற்குள் குற்றச்சாட்டாக மாறிவிடும் என்பதால், துலக்கிக்காட்டும்போது பிரஷை நான் தந்தையின் கையில்தான் கொடுப்பேன். உங்கள் மருத்துவர் அப்படிச் செய்யாவிட்டால், நீங்களே எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள். தங்கைக்கு மனச்சோர்வு இருக்கிறது, சிகிச்சை தொடங்கியிருக்கிறோம் என்பதை, அவருடைய சம்மதத்தோடு, முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்; மறு சந்திப்பை ஆறு மாதத்துக்குப் பதிலாக மூன்று மாதத்தில் வைத்துக்கொள்ளும்படியும் கேளுங்கள்.